குடும்ப முகாமுக்கு எந்த இடம்: பொன்முடியா, கடற்கரையா, நெய்யாறா, ரப்பர் தோட்டமா?

எங்கள் சபையின் குடும்ப முகாமுக்கு இந்த ஆண்டு 12 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. தலையை எண்ணினால் 46 பேர். பிள்ளைகள் 17, அவர்களில் இருவர் இன்னும் இடுப்பை விட்டு இறங்காதவர்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து கைத்தடியோடு நடக்கும் என் மாமியாரும் அவர்களில் ஒருவர். குமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து சனிக்கிழமை காலை புறப்பட்டு, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு திரும்புவது என்பது திட்டம். ஜனவரி கடைசி வாரம் என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை இடி இன்னும் தொடங்காத காலம் நம் பகுதிக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான். கிறிஸ்துமஸ் கால அலைச்சலும் முடிந்திருக்கும், தவக்காலமும் தொடங்கியிருக்காது.

இடத்தில்தான் கமிட்டி நான்காகப் பிரிந்து நிற்கிறது. வாலிபர்களுக்குக் கேரளத்தில் உள்ள பொன்முடி மலை. பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு முட்டம் பக்கத்துக் கடற்கரை. மூத்தவர்களுக்குக் கேரளத்தில் நெய்யாறு அணைக்கு அருகில் உள்ள ஒரு தியான இல்லம். நான்காவதாக, சபை உறுப்பினர் ஒருவரின் அண்ணனுக்குப் பனச்சமூட்டுக்கு அருகில் உள்ள ரப்பர் தோட்டம். நான்கையும் இரண்டு வாரமாக எடைபோட்டுப் பார்த்தேன். இதே தமிழ்நாடு, கேரள எல்லைப் பகுதியில் முகாம் வைக்க நினைக்கும் மற்ற சபையாருக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் போன ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று போன இடம் அழகான இடம். ஓடை, பாறை, புல்வெளி எல்லாம் இருந்தன. புகைப்படங்களைப் பார்த்த எல்லோரும் அடுத்த ஆண்டும் அங்கேயே போகலாம் என்றார்கள். ஆனால் 44 பேருக்கு இரண்டே கழிப்பறைகள். அவையும் கூடாரங்களிலிருந்து நூறு அடி தள்ளி, விளக்கில்லாத சரிவில். இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. காலை நான்கரை மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது கைபேசி வெளிச்சத்தில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்; யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எட்டு வயதான என் மகள் அன்று இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். "இருட்டாக இருந்தது அம்மா, உன்னை எழுப்பக் கூடாது என்று நினைத்தேன்" என்று மூன்று நாள் கழித்து, காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிற வழியில்தான் சொன்னாள். சிறுநீர்த் தொற்று. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டாள்.

பகலில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு பந்து போதும், பெரியவர்களுக்கு ஒரு நிழல் போதும். ஆகவே இந்த முறை ஒவ்வோர் இடத்தையும் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரைக்கும் என்று வைத்துப் பார்த்தேன். கைத்தடி ஊன்றும் மாமியார் இருட்டில் எங்கே நடப்பார், என் மகள் யாரை எழுப்புவாள், மழை வந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கூரைக்குள் ஓடுவது, பாம்பு கடித்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத இடம், எவ்வளவு அழகானாலும் குடும்பங்களுக்கு ஆகாது.

காளிகேசம், கீரிப்பாறை, கோதையாறு ஆகிய காட்டுப் பகுதிகள் என்று ஐந்தாவதாக ஒரு பேச்சும் எழுந்தது. அதை ஒரே வரியில் மறுத்துவிடலாம்: காட்டுக்குள் நாமாகக் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை, கேட்கவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டு வனப்பகுதியில் நடைப்பயணம் என்றாலே வனத்துறை வகுத்த பாதையில், அவர்களுடைய வழிகாட்டியோடுதான். அதுவே சரி.

பொன்முடி

வாலிபர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், மேகம் தொட்டுவிட்டுப் போகும் புல்மேடு, 22 கொண்டை ஊசி வளைவுகள். நானும் கல்லூரி நாட்களில் போய் மயங்கி நின்றிருக்கிறேன். ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, விதுரை வழியாக மூன்று மணி நேரமாவது ஆகும். விதுரைக்கு மேல் வளைவுகள் தொடங்கியதும் பிள்ளைகளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். போன முறை சுற்றுலா போனபோது எங்கள் வேனில் அதுதான் நடந்தது. வேனைத் தமிழ்நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்தால், அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட் இல்லாத வண்டிக்குக் கேரளத்துக்குள் நுழையத் தனியாகப் பெர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். சொந்தக் கார்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் 12 குடும்பங்களில் ஐந்து குடும்பங்களுக்குக் கார் கிடையாது.

மேலே சுற்றிலும் காடு. விருந்தினர் விடுதியில் அறை எடுக்கலாமே தவிர, விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. 46 பேருக்கு அறை எடுத்தால் அது முகாமும் இல்லை, கட்டுப்படியாகிற செலவும் இல்லை. இரவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் 22 வளைவுகளும் பனிமூட்டத்தில் இறங்க வேண்டும். கீழே கல்லாறு வேறு. பாறைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் அந்த நீரில் உயிர்கள் போயிருக்கின்றன. வாலிபர்கள் தனியாக ஒருநாள் பயணமாகப் பொன்முடி போகட்டும், விடியற்காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பட்டும். அதற்குக் கமிட்டி பணம் ஒதுக்குவதை நானே முன்மொழிகிறேன்.

கடற்கரை

முட்டம் பக்கம் என்றால் என் மனமும் கொஞ்சம் ஆடும். சிவந்த மண்மேடும் கலங்கரை விளக்கமும் கறுத்த பாறைகளும் மாலை வெயிலில் நிற்கிற நிற்பு வேறெங்கும் கிடையாது. மீன் புதிதாகக் கிடைக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எல்லை தாண்ட வேண்டாம்.

ஆனால் குமரிக் கடல் பிள்ளைகளோடு இரவு தங்குகிற கடல் இல்லை. 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் அலையில் இழுக்கப்பட்டு மருத்துவ மாணவ மாணவியர் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து கேரள, குமரிக் கரைகளை வந்து அடிப்பதைத்தான் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் கரையேறிவிடும். பெயருக்குக் காரணமே அதுதான். பெரும்பாலும் கோடையில் வருவது, ஜனவரியில் வராது என்று பாடகர் குழுவில் ஒரு தம்பி வாதாடினான். வராமலே இருக்கட்டும். 17 பிள்ளைகளில் ஒருவன் விடியுமுன் எழுந்து அலையைப் பார்க்கப் போனால் யாருக்குத் தெரியும்?

கூடாரத்துக்கும் கடற்கரை ஒத்துவராது. மணலில் சாதாரண முளை பிடிக்காது. மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்துக் கயிறு கட்ட வேண்டும். காற்று இரவெல்லாம் துணியை அடித்துக்கொண்டே இருக்கும். நிழல் இல்லாததால் காலை ஏழு மணிக்கே உள்ளே புழுங்கும். மேலும் அது மீனவ மக்களின் வலை காயும் இடம், அவர்கள் விடியுமுன் கடலுக்குப் போகும் வழி. அங்கே போய்ப் பன்னிரண்டு கூடாரங்களை விரித்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெய்யாறு

இங்கேதான் உண்மையான போட்டி. அணைக்கு அருகில் உள்ள தியான இல்லத்தை நானும் என் கணவரும் நேரில் போய்ப் பார்த்தோம். வெள்ளறடை வழியாக ஒன்றரை மணி நேரம். மாடி ஏறத் தேவையில்லாத தரைத்தள அறைகள் இருக்கின்றன. எட்டுப் பேருக்கு ஒன்று என்ற அளவில் கழிப்பறைகள், எல்லாவற்றிலும் தண்ணீரும் விளக்கும். கூட்ட அரங்கு, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் அவர்களே. மழை வந்தாலும் நிகழ்ச்சி நிற்காது. மூத்தவர்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று அந்தக் கழிப்பறைகளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

எனக்குப் பிடிக்காதது படுக்கை ஏற்பாடு. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், அதற்கு மேல் நான்கு தனி அறைகள். அதாவது குடும்ப முகாம் என்று பெயர் வைத்துவிட்டுக் கணவனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பத்து வயதுப் பையனை அப்பாவோடு, கைக்குழந்தையை அம்மாவோடு என்று பிரித்துப் படுக்கவைக்க வேண்டும். இந்த 12 குடும்பங்களில் மூன்றில் தகப்பன்மார் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்கள். இருவர் ஜனவரியில்தான் விடுப்பில் வருகிறார்கள். பதினோரு மாதம் கைபேசித் திரையில் பார்த்த பிள்ளையோடு ஒரே கூரைக்குள் தூங்க ஓர் இரவு கிடைக்கும்போது, அந்த மனிதரை முப்பது கட்டில் போட்ட கூடத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூடாரம் இடுக்கமானதுதான். ஆனால் அதில் ஒரு குடும்பம் ஒரு குடும்பமாகப் படுக்கும்.

இன்னும் சில. அங்கே நாம் அடுப்பு மூட்ட முடியாது, தீ வளர்க்க முடியாது, பத்து மணிக்கு விளக்கணைத்துவிட வேண்டும். நீர்த்தேக்கம் பார்க்கத்தான், முதலைகள் உள்ள நீர், கரையில் கால் நனைக்கவும் பிள்ளைகளை விடக் கூடாது. சுற்றுவட்டாரக் குளங்களிலும் இறங்க வேண்டாம். 2024 இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்து ஒருவர் இறந்தார். அந்தக் கிருமி தேங்கிய நன்னீரிலிருந்து மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, குடிப்பதால் வருவதில்லை. தோட்டமானாலும் இல்லமானாலும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பொது விதி: குளத்தில் முங்கக் கூடாது.

நெய்யாற்றைப் பற்றிச் சொல்லும்போது மனதில் இன்னொன்றும் ஓடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அணை நின்றுபோனது கேரளத்தில். இடதுகரைக் கால்வாய் வழியாக நம் வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004 இல் நின்றது. என் அப்பா நெல் விதைத்த நிலத்தில் இன்று ரப்பர் நிற்கிறது. அந்த வறண்ட கால்வாய்ப் படியில் உட்கார்ந்துதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அணையின் மேலே நின்று அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபோது அழகு என்று சொல்ல வாய் வந்தாலும் தொண்டை அடைத்தது. இது இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சேராது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ரப்பர் தோட்டம்

பனச்சமூடு எல்லையில் உள்ள ஊர். சந்தைக்குப் போனால் மலையாளத்தில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுவார்கள். தோட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து முக்கால் மணி நேரம். பெர்மிட் தொல்லை இல்லை. நான்கு ஏக்கர், நடுவில் சமதளமாக ஒரு பகுதி, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை, அதை ஒட்டி ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை, கிணறு, காவலாளி வீடு. உரிமையாளர் வாடகை வேண்டாம் என்றுவிட்டார்.

இதே தோட்டம் இன்னும் மேலே, பத்துகாணி, சிற்றாறு பக்கம் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2023 இல் அந்த ரப்பர் தோட்டப் பகுதியில் ஆடு மாடுகளைத் தாக்கிவந்த புலியை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. யானை நடமாட்டமும் மலையடிவாரத்தில் உண்டு. பனச்சமூட்டுப் பக்கம் சுற்றிலும் வீடுகளும் கடைகளும் உள்ள இடம்.

நல்லது இவ்வளவும். ஆனால் இப்போது உள்ள நிலையில் அந்தத் தோட்டம் இரவுக் கேள்விகளில் பாதிக்குமேல் தோற்றுப்போகும். கழிப்பறை இரண்டே இரண்டு. கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம்தான். ஷீட் கொட்டகையின் மூலையில் வெள்ளைக் கேன்களில் ஃபார்மிக் அமிலம் இருந்தது. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றுவது; பார்க்கத் தண்ணீரைப் போலவே இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் ஒரு குழந்தை அந்தக் கேனைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கியது. நான் சொன்னவுடனே உரிமையாளர் அண்ணன் தாமே கேன்களைத் தூக்கிக் காவலாளி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். "இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறது, எங்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை" என்றார்.

இன்னொன்று இலை. ரப்பர் மரம் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் இலை உதிர்க்கும். நாங்கள் போகும் வாரத்தில் தலைக்குமேல் நிழல் அதிகம் இருக்காது. காலடியில் கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த இலை கிடக்கும். ஒரு பொறி போதும். ஆகவே கூடாரம் அடிக்கும் இடத்தையும் தீ வளர்க்கும் இடத்தையும் முதல் நாளே கூட்டிப் பெருக்கி, தீயைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு வெறும் மண்ணாக்கி, பக்கத்தில் நான்கு குடம் தண்ணீரும் இரண்டு ஈரச் சாக்கும் வைக்க வேண்டும். காற்று அடித்தால் தீயே வேண்டாம்; பாட்டுக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு போதும். இலையைப் பெருக்குவதில் இன்னொரு நன்மை, பாம்பு தெரியும்.

பாம்பைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கமிட்டியில் எல்லோரும் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் இரவில் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களின் படுக்கைக்கு அது வந்துவிடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். பிறகு வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், மூச்சு முட்டுதல். ஆகவே "கூடாரத்தில் இடம் இல்லாவிட்டால் ஆண்கள் கொட்டகைத் தரையில் படுத்துக்கொள்கிறோம்" என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அடித்துணியோடு சேர்த்துத் தைத்த, ஜிப் முழுவதும் மூடுகிற கூடாரம். இல்லையென்றால் கட்டிலும், நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, பச்சிலை அரைப்பது ஒன்றும் வேண்டாம். ஆளை அசையாமல் படுக்கவைத்து நேராக மருத்துவமனை. குழித்துறை அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 108 இரண்டு மாநிலத்திலும் ஒரே எண். விஷமுறிவு மருந்து இருப்பு எங்கே என்று அந்த வாரமே தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கார் சாவியோடு வாசலைப் பார்த்து நிற்க வேண்டும், பின்னால் வேறு வண்டியை நிறுத்தி மறிக்கக் கூடாது.

கூடாரங்கள் ஏழு எங்கள் சபையாரிடமே இருக்கின்றன. ஐந்து வாங்க வேண்டும். நாங்கள் 3,000 ரூபாய் அளவில் ஒன்று வாங்கி வீட்டு முற்றத்தில் விரித்துப் பார்த்தோம். அட்டையில் நான்கு பேருக்கு என்று போட்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு சிறு பிள்ளைகள் படுத்தால் பையை வெளியேதான் வைக்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயால் அரை மணி நேரம் நனைத்தோம். மேல்துணி தாங்கியது, மூலைத் தையலில் சொட்டியது. தையல் மேல் பூசும் பசையை இரண்டு முறை தடவிக் காயவைத்த பிறகு நின்றது. கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் ஓரத்தில் விழுந்த நீரெல்லாம் அடியில் வந்து தேங்கியதையும் அன்றுதான் கண்டோம். தார்ப்பாயின் ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். ஜனவரி இரவில் மழை இல்லாவிட்டாலும் பனி உண்டு. மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுப் படுத்தால் மூச்சுக்காற்றே உள்ளே துளியாகச் சொட்டும்.

தோட்டத்தின் மேல் எனக்குள்ள ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சபையில் பாதிப் பேரின் அப்பாவோ பாட்டாவோ ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ரப்பர் என்றால் எழுத்தை அழிக்கும் துண்டுதான் தெரியும். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் மரம் மரமாகப் போவதை, கத்தி பட்டைமேல் சாய்வாக ஓடுவதை, வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல எழுந்து சிரட்டைக்குள் சொட்டுவதை அவர்கள் பார்க்கட்டும். இலை முழுவதும் கொட்டிவிட்டால் பால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். பத்து மரம் மட்டுமாவது அன்று வெட்டிக் காட்டுவதாகத் தொழிலாளி அண்ணன் சொல்லியிருக்கிறார்.

சமையலும் ஞாயிறும்

தோட்டம் வேண்டாம் என்று பெண்கள் சங்கத்தில் இரண்டு அக்காமார் சொன்னார்கள். காரணம் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "வீட்டில் ஆறு பேருக்கு வைக்கிறேன். அங்கே வந்து 46 பேருக்கு வைக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. தியான இல்லத்துக்கு இந்த ஒன்றில் பெரிய மதிப்பெண் உண்டு. அங்கே பெண்களும் கூட்டத்தில் உட்காரலாம். ஆகவே தோட்டம் என்றால் சம்பளத்துக்குச் சமையல்காரர் ஒருவரும் உதவிக்கு இருவரும் கட்டாயம். பாத்திரம் கழுவுவது ஆண்களும் வாலிபர்களும். சனி மதியம் சோறும் மீன்கறியும், இரவு கஞ்சியும் பயறும், ஞாயிறு காலை மரச்சீனிக்கிழங்கு அவியலும் சாளைக்கறியும், பிள்ளைகளுக்குப் புட்டும் மட்டிப்பழமும். பனச்சமூடு சந்தை பக்கத்தில் இருப்பதால் எதையும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டியதில்லை. இந்தச் சமையல் கூலியைச் சேர்த்த பிறகும் தலைக்கு ஆகும் செலவு தியான இல்லத்தில் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது.

ஞாயிறு ஆராதனையைப் பற்றிப் போதகர் ஐயாவுக்குக் கவலை இருந்தது. அவர் பொறுப்பில் உள்ள சேகரத்தில் பல சபைகள், போதகர் அவர் ஒருவர்தான். 12 குடும்பங்கள் வெளியே போய்விட்டால் பாடகர் குழுவில் பாதி இருக்காது, ஓய்வுநாள் பள்ளியில் ஆசிரியர் இருக்க மாட்டார்கள். பொன்முடி, நெய்யாறு என்றால் ஆராதனையை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பனச்சமூடு என்றால் ஆறரை மணிக்கு மரத்தடியில் ஒரு கீர்த்தனையும் ஜெபமும், ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் புறப்பட்டால் பத்து மணி ஆராதனைக்கு ஆலயத்தில் இருக்கலாம். கூடாரங்களைச் சுருட்டிக் குப்பையை வாரும் வேலையை மதியத்துக்குப் பிறகு வாலிபர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டைக் கேட்ட பிறகு ஐயாவும் சனி மாலைக் கூட்டத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். திருவிருந்து ஞாயிறு மட்டும் வேண்டாம் என்றார். அது மாதத்தின் முதல் ஞாயிறு, எங்களுடையது கடைசி.

சனி மாலை வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பதற்கு மாத்தூர் தொட்டிப்பாலம் என் தேர்வு. 115 அடி உயரத்தில் ஒரு கால்வாயே ஆற்றைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் வாயடைத்து நிற்கும். திற்பரப்பு அருவியும் எட்டுகிற தூரம்தான், ஆனால் ஈரத் துணியோடு 17 பிள்ளைகளை இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

என் வாக்கு

ஆகவே கமிட்டியில் என் வாக்கு தோட்டத்துக்கு, நிபந்தனைகளோடு. இன்னும் இரண்டு தற்காலிகக் கழிப்பறைகள் பெண்களுக்கென்று தனியாகப் போட வேண்டும், கூடாரங்களிலிருந்து முப்பது அடிக்குள், வழி நெடுக விளக்குக் கம்பியோடு. கிணற்றின் மேல் கம்பி வலை. 65 வயதைத் தாண்டிய ஐவருக்கும் கொட்டகைக்குள் கட்டிலும் கொசுவலையும். அவர்கள் கூடாரத்தில் குனிந்து நுழைய வேண்டாம். மழை பெய்தால் எல்லோரும் அந்தக் கொட்டகைக்குள் நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தோம். உட்காரலாம், படுக்க முடியாது. அதனால் முந்தின நாள் வானிலை அறிக்கையில் இந்தப் பகுதிக்கு மழை எச்சரிக்கை வந்தால் முகாமைத் தள்ளிவைக்க வேண்டும், அழுத்தம் யார் கொடுத்தாலும்.

ஜனவரி 10ஆம் தேதிக்குள் கழிப்பறைகள் தயாராகாவிட்டால் நெய்யாற்றுத் தியான இல்லத்துக்கு முன்பணம் கட்டிவிட வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த நான்கு தனி அறைகளை விடுப்பில் வரும் இரண்டு குடும்பங்களுக்கும் கைக்குழந்தை உள்ள இரண்டு குடும்பங்களுக்கும் கொடுத்துவிடலாம். ஆட்கள் 60ஐத் தாண்டினாலும், முகாம் அக்டோபர், நவம்பரில் விழுந்தாலும் தோட்டத்தைப் பற்றி யோசிக்காமல் இல்லத்துக்கே போக வேண்டும்; இடிமழைக் காலத்தில் மரத்தடியில் குடும்பங்களை வைத்திருக்க முடியாது.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் என் கணவரும் மகளும் தோட்டத்துக்குப் போகிறோம். இரவு ஒன்பது மணிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். முதல் கூடாரம் வரப்போகும் இடத்திலிருந்து கழிப்பறை வாசல் வரைக்கும் மகள் தனியாக நடந்து பார்க்க வேண்டும். விளக்குகளை எங்கே கட்டுவது என்று அவள் சொல்வாள்.